பொடிப் பசை: மூன்று தடவை கல், நாலாவது தடவை சுண்ணாம்பு

குன்னூர் இழைப்புளி:

போன ஞாயிறு ராத்திரி பதினொரு மணி இருக்கும், பின்பக்க ஷெட்டிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். பூனை எதையாவது தட்டிவிட்டிருக்கும் என்று திரும்பிப் படுத்துவிட்டேன். காலையில் போய்ப் பார்த்தால், அம்மாவுக்காகச் செய்துகொண்டிருக்கும் ஆடும் நாற்காலியின் அடியில் வரும் வலது வளைகட்டை, மெல்லிய மரப்பட்டைகளை அடுக்கிப் பொடிப் பசையால் ஒட்டியது, ஒரு முனையில் விரிந்து கிடக்கிறது. சீட்டுக்கட்டை விசிறி மாதிரிப் பிடிப்போமே, அப்படி. எட்டு அடுக்கில் மேல் மூன்று அடுக்கு தனித்தனியாக நிற்கிறது. மீதியையும் கையால் இழுத்துப் பார்த்தேன். உளி வேண்டியிருக்கவில்லை, வந்துவிட்டது.

ஒட்டுப் பரப்பைக் கட்டைவிரலால் தேய்த்தால் வெள்ளையாக மாவு உதிர்கிறது. வெற்றிலைக்குத் தடவிய சுண்ணாம்பு காய்ந்தால் எப்படி இருக்கும், அதேதான். மரநார் ஒன்றுகூடப் பிய்ந்து வரவில்லை. ஒட்டு நன்றாகப் பிடித்திருந்தால் பசை விடாது, மரம்தான் கிழியும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் தொழில்முறைத் தச்சன் இல்லை. வங்கி வேலை, சனி ஞாயிறுகளில் மரவேலை. முன்பு ஒரு வளைந்த கைப்பிடியைச் சாதாரண வெள்ளைப் பசையில் அடுக்கி ஒட்டினேன். முதல் வாரம் பிரமாதமாக இருந்தது. ஆறு மாதத்தில் வளைவு மெல்ல மெல்ல நிமிர ஆரம்பித்தது, அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவிப் படிக்கட்டு மாதிரி ஆகிவிட்டன. வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் கொஞ்சம் இளகும் தன்மை உள்ளது, வளைத்து ஒட்டிய கட்டை விடாமல் நிமிரப் பார்க்கும், அதனால் மெல்ல இழுபடும் என்று அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். இதற்குத் தண்ணீரில் கலக்குகிற யூரியா ஃபார்மால்டிஹைடு பொடிதான் சரி, ஒருமுறை இறுகினால் அசையாது என்றார்கள்.

மே மாதம் கோவையில் ஒரு கடையில் 1 கிலோ வாங்கினேன். பெரிய மூட்டையிலிருந்து அள்ளி பாலிதீன் கவரில் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி, உள்ளே ஒரு துண்டுச் சீட்டு வைத்துக் கொடுத்தார்கள். சீட்டில் கலக்கும் விகிதம் மட்டும்தான்: 2 பங்கு பொடி, 1 பங்கு தண்ணீர். தேதி கிடையாது. கொண்டுவந்து பிஸ்கட் டப்பாவில் போட்டு ஷெட் அலமாரியில் வைத்தேன்.

மே கடைசியில் ஒரு வளைந்த தட்டு செய்தேன். கல் மாதிரி நின்றது. ஜூலையில் நாற்காலியின் இரண்டு கைகள். அதுவும் கல். ஆகஸ்டில் இடது வளைகட்டை. கிளாம்பைக் கழற்றியபோது வளைவு ஒரு மில்லிமீட்டர்கூட நிமிரவில்லை, அவ்வளவு திருப்தி. அப்புறம் அலுவலக வேலை, மழை என்று நின்றுபோய், டிசம்பர் இரண்டாம் வாரம்தான் வலது வளைகட்டையை ஒட்டினேன். அதே பொடி, அதே அச்சு, அதே சில்வர் ஓக். எஸ்டேட்டில் நிழலுக்கு வைத்திருந்த மரம், அனுமதி வாங்கி வெட்டியதில் கிடைத்தது, 4 மி.மீ. பட்டைகளாக அறுத்தேன். 24 மணி நேரம் கிளாம்பில் இருந்தது. கழற்றி நாலாம் நாள் இந்தக் கூத்து.

எனக்குப் புரியாத விஷயம் இதுதான்: கலக்கிய கப்பில் மிச்சம் இருந்த பசை நன்றாகவே இறுகியது. ஏரி வற்றினால் வெடிப்பு விடுமே, அப்படி வெடித்திருந்தது, ஆனால் ஆணியால் கீறினாலும் கீறல் விழவில்லை. பசை கெட்டிருந்தால் கப்பில் எப்படி இறுகும்? கப்பில் இறுகினால் கட்டையில் ஏன் இறுகவில்லை?

இன்னொன்று, இதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஆகஸ்டில் ஒட்டிய இடது கட்டையை நம்பலாமா? உட்காரப் போவது 74 வயது அம்மா.

---

வேம்பனூர் ஆசாரி மகன்:

அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, பொடியைத் தண்ணீரில் கரைத்து மரம் ஒட்டுவது எல்லாம் வேலைக்கு ஆகாது. எங்கள் அப்பா காலத்தில் வச்சிரம்தான், மாட்டுத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுக்கும் பசை. தட்டையாக, கண்ணாடித் துண்டு மாதிரி வரும். முந்தின நாள் ராத்திரி ஊறப்போட்டு, பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்துச் சுடுதண்ணீரில் உருக்குவார். இப்போது நாங்கள் எல்லாவற்றுக்கும் ஃபெவிகால்தான். வளைகட்டை வேண்டுமென்றால் ஒரே கட்டையில் அறுத்து எடுத்துவிடுவோம், ஒட்டும் வேலையே இல்லை. கொஞ்சம் மரம் வீணாகும், அவ்வளவுதான்.

---

குன்னூர் இழைப்புளி:

தப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை தம்பி. ஆனால் ஒரே கட்டையில் வளைவாக அறுத்தால் முனைகளில் நார் குறுக்கே ஓடுமே, அங்கே ஒடிந்துவிடாதா? சில்வர் ஓக் அவ்வளவு வலுவான மரமும் இல்லை. அதனால்தான் அடுக்கி ஒட்டுகிறேன். வச்சிரம் ஒருமுறை முயற்சி செய்ய ஆசைதான், ஆனால் இங்கே மூடுபனியில் அப்பளமே நமத்துப்போகிறது, ஈரத்துக்கு வச்சிரம் தாங்குமா என்று பயம்.

---

பெரும்பாவூர் பழைய கை:

தம்பி, நான் பெரும்பாவூரில் பிளைவுட் கம்பெனியில் 22 வருடம் பசைப் பிரிவில் இருந்தவன். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பொடியைத் திட்டுவதற்கு முன்னால் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

அந்த 2 பங்கு, 1 பங்கு எடையிலா, டம்ளரிலா? மிச்சப் பசை இருந்த கப் ராத்திரி எங்கே இருந்தது? பொடியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் மைதா மாதிரி இருக்கிறதா, ரவை மாதிரி இருக்கிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், இந்தப் பசை காய்வது என்பது வேறு, இறுகுவது என்பது வேறு. வெள்ளைப் பசையில் தண்ணீர் போனால் வேலை முடிந்தது. யூரியா பசையில் அப்படி இல்லை. பொடிக்குள்ளேயே அம்மோனியம் குளோரைடு மாதிரி ஒரு உப்பு கலந்திருக்கும். தண்ணீர் பட்டதும் அது பிசினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடோடு சேர்ந்து அமிலம் விடும். அந்த அமிலம்தான் பிசினை ஒன்றோடொன்று பின்னி இறுக்குகிறது. இந்த வேலைக்குச் சூடு வேண்டும். எங்கள் பிரஸ்ஸில் 110 டிகிரி வைப்போம், சில நிமிடத்தில் முடிந்துவிடும். சூடு இல்லாமல் இறுக வேண்டிய உங்கள் பொடிக்கு 20 டிகிரிக்கு மேல் இருந்தால் நல்லது. 10 டிகிரிக்குக் கீழே போனால் கிட்டத்தட்ட தூங்கிவிடும்.

அது தூங்கும்போது மரம் தூங்காது. பசையில் இருக்கும் தண்ணீரை நார் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பின்னல் விழுவதற்குள் தண்ணீர் போய்விட்டால் மிஞ்சுவது வெறும் காய்ந்த பிசின் மாவு. நீங்கள் சொன்ன வெற்றிலைச் சுண்ணாம்பு அதுதான். கப்பில் பசை தடிமனாக இருக்கும், உறிஞ்ச மரமும் இல்லை, தண்ணீர் அங்கேயே நிற்கும், நிதானமாக இறுகும். அதனால் கப்பில் இறுகியதை வைத்து இணைப்பு பிடித்தது என்று முடிவு கட்டக்கூடாது. எங்கள் கம்பெனிக்குப் புதிதாக வரும் பையன்கள் எல்லோரும் இந்தத் தப்பைச் செய்வார்கள்.

ஆனால் அந்த ஏரி வெடிப்பு என்று எழுதினீர்களே, அதில்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. சரியாகக் கலந்த பசையும் தடிமனாகக் கிடந்தால் கொஞ்சம் வெடிக்கும். நிறைய வெடித்தால் தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம்.

பொடி கெட்டுப்போவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடினப்படுத்தும் உப்பு பொடியோடு கலந்தே வருவதால், டப்பாவுக்குள் ஈரம் போன நாளிலிருந்து வேலை மெதுவாக ஆரம்பித்துவிடும். பிசின் துகள் உள்ளுக்குள்ளேயே பாதி இறுகிவிடும். அப்படிப்பட்டதைத் தண்ணீரில் போட்டால் கரைந்த மாதிரி தெரியும், ஆனால் அடியில் மணல் தங்கும். சீல் உடைக்காத டப்பா ஒரு வருடம் தாங்கும். மழைக்காலத்தில் திறந்து திறந்து மூடிய கவரை நான் மூன்று மாதத்துக்கு மேல் நம்ப மாட்டேன்.

எங்களிடம் ஒரு சோதனை உண்டு. கலந்த பசையைக் கொஞ்சம் கண்ணாடிக் குழாயில் எடுத்து, கொதிக்கிற தண்ணீரில் பிடித்துக் குச்சியால் கிண்டிக்கொண்டே நொடி எண்ணுவோம். குச்சி நின்றுவிட்டால் இறுகிவிட்டது. பசை காய்ச்சும் கலத்திலிருந்து இறங்கும் ஒவ்வொரு தடவைப் பசைக்கும் இந்தக் கணக்கு நோட்டில் ஏறும். வீட்டில் நீங்களும் செய்யலாம். ஆனால் ஒன்று, சீக்கிரம் இறுகினால் நல்ல பசை என்று சந்தோஷப்படாதீர்கள். பாதி முற்றிய பழைய பொடிதான் புதியதைவிட வேகமாக இறுகும். நொடிக் கணக்கோடு, கலக்கும்போது ரவை தெரிகிறதா என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் மூக்கைத் திறந்துவைத்துக்கொண்டு செய்யாதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பொடி அள்ளும்போது மாஸ்க் போடுங்கள். ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004 இலேயே சொல்லிவிட்டது. நாங்கள் அந்தக் காலத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டே வேலை பார்த்தோம், அது பெருமை இல்லை.

---

குன்னூர் இழைப்புளி:

ஐயா, மூன்று கேள்விக்கும் பதில் எழுத உட்கார்ந்தபோதே எனக்கு வெட்கமாகிவிட்டது.

கப் சமையலறையில் இருந்தது. கழுவலாம் என்று எடுத்துப்போய் அடுப்பு மேடையில் வைத்து மறந்துவிட்டேன். ராத்திரி தோசை, காலையில் இட்லி, அடுப்பு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. ஷெட்டோ தகரக் கூரை. நேற்று விடியற்காலை தெர்மாமீட்டர் கொண்டுபோய் வைத்தேன், 9 டிகிரி. மத்தியானத்துக்கே 16 தான்.

பொடி: விரலில் தேய்த்தால் நெருநெரு என்கிறது. மைதா இல்லை, ரவையும் இல்லை, நடுவில். இரண்டு மூன்று கட்டிகள் நசுக்கினாலும் உடையவில்லை.

மிச்சம் இருப்பது அளவு. துண்டுச் சீட்டைத் தேடி எடுத்தேன். கீழே பொடி எழுத்தில் 'எடையில்' என்று போட்டிருக்கிறது. முதல் மூன்று தடவையும் சமையலறைத் தராசில்தான் நிறுத்தேன். நவம்பரில் மனைவி கேக் செய்ய அதைத் திரும்ப எடுத்துக்கொண்டாள், பேட்டரியும் தீர்ந்திருந்தது. டிசம்பரில் 'அதே இரண்டுக்கு ஒன்றுதானே' என்று எவர்சில்வர் டம்ளரால் அளந்துவிட்டேன். இன்று பேட்டரி போட்டு அதே டம்ளரை நிறுத்துப் பார்த்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் 200 கிராம். ஒரு டம்ளர் பொடி 130 கிராம். ஆக, 260 கிராம் பொடிக்கு 200 கிராம் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். இருக்க வேண்டியது 130.

அம்மா தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் கொழுந்து எடை போட்டவர். அவர் மகன் டம்ளரில் அளந்திருக்கிறேன். இதை வீட்டில் சொல்லவில்லை.

---

லெஸ்டர் கராஜ்:

அண்ணை, நான் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன், சொந்த ஊர் பருத்தித்துறை. உங்கள் ஷெட்டின் 9 டிகிரியைப் பார்த்ததும் என்னுடைய கராஜ் ஞாபகம் வந்தது. இங்கே இந்தப் பொடிப் பசையைப் பழைய ஆட்கள் எந்தக் கம்பெனிப் பேணியாக (டப்பா) இருந்தாலும் காஸ்கமைட் என்ற பழைய வணிகப் பெயரால்தான் சொல்வார்கள். வளைத்து ஒட்டுகிறவர்களும் வெனீர் என்கிற மெல்லிய மரத்தகடு ஒட்டுகிறவர்களும் இன்னும் அதைத்தான் விரும்புகிறார்கள். ஒரு பக்கம் அப்படி ஒரு பக்தி, மறுபக்கம் 'எனக்குக் கைவிட்டுவிட்டது' என்று புலம்பல். இரண்டுமே உண்மைதான், நான் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறேன்.

எனக்குக் கைவிட்டது மூன்று வருடப் பேணி. பாதி பாவித்துவிட்டு மூடி வைத்தது. பிழை என்னுடையதுதான், மூடியில் நானே திறந்த திகதியை எழுதியிருந்தேன், எழுதியதைப் பார்க்கவில்லை. இப்போது வாங்கியவுடனேயே சின்னச் சின்ன ஜாம் போத்தல்களில் பிரித்து, வாய்வரை நிரப்பி இறுக்கி மூடிவிடுவேன். ஒரு வேலைக்கு ஒரு போத்தல். திறந்த போத்தலில் மிஞ்சினால் ஒரு மாதத்துக்குள் ஏதாவது சின்ன வேலைக்குப் பாவித்து முடித்துவிடுவேன்.

குளிருக்கு: ஒட்டிய கட்டையை அச்சோடு சேர்த்துப் பழைய மின்போர்வையால் சுற்றி, மேலே தார்ப்பாய் போட்டுவிடுவேன். பசை வரியில் சூடு ஏறவேண்டும், அறைக் காற்றுச் சூடாக இருப்பது மட்டும் காணாது. மரத்தையும் முதல்நாளே வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கவேண்டும். விறைத்த பலகையில் வெதுவெதுப்பான பசையைத் தடவினால் அந்த நொடியே பசையும் விறைத்துவிடும்.

இந்தப் பசையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எனக்கு விமானத்துக்குப் போகாமல் நிறுத்த முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். 1937 இல் கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் டக்ஸ்ஃபோர்டில் நார்மன் டி புருய்ன் என்பவர் ஏரோலைட் என்று ஒரு யூரியா பசையைக் கொண்டுவந்தார். விமானத்துக்கென்றே செய்தது. அதில் பிசினை ஒரு பலகையில் தடவுவார்கள், அமிலத்தை மற்றப் பலகையில் தடவுவார்கள், இரண்டும் சேரும்போதுதான் இறுகத் தொடங்கும். உங்களுடைய ஒரே பொடியில் வில்லங்கமே இரண்டும் ஒரே கவருக்குள் குடித்தனம் நடத்துவதுதான். தனித்தனியாக வரும் வகை கிடைத்தால் அதை வாங்குங்கள், பொடி கனகாலம் தாங்கும்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் பாவித்த மொஸ்கிட்டோ என்ற மர விமானம் தெரியுமா? ஒட்டுப்பலகையும் பால்சா மரமும் சேர்த்துச் செய்தது. முதலில் பால் புரதத்திலிருந்து எடுக்கும் கேசீன் பசையால் ஒட்டினார்கள், பிறகு யூரியா பசைக்கு மாறினார்கள். 1944 இல் இந்தியா, பர்மாப் பக்கம் பறந்தவற்றில் சில இறக்கை முறிந்து விழுந்தன. வெயிலும் மழையும் பசையைத் தின்றுவிட்டது என்றுதான் முதலில் எல்லோரும் சொன்னார்கள். நன்றாகத் தோண்டிப் பார்த்தபோது வேறு கதை வந்தது: தொழிற்சாலையில் இறக்கைப் பாகங்கள் சரியாகப் படியாமல் இடைவெளியோடு ஒட்டப்பட்டிருந்தன. சாதாரண யூரியா பசைக்குப் பெரிய இடைவெளியை நிரப்பத் தெரியாது. தடித்த வரியாக நின்றால் உள்ளுக்குள் நொறுங்கும். நீங்கள் அறுத்த 4 மி.மீ. பட்டைகள் ஒரே சீரான தடிப்பா, ரம்பத் தழும்போடு ஒட்டினீர்களா, இழைத்து ஒட்டினீர்களா?

---

குன்னூர் இழைப்புளி:

இழைத்துத்தான் ஒட்டினேன், வெர்னியர் அளவுகோல் வைத்துத் தடிமன் பார்த்தேன், அந்த ஒரு விஷயத்திலாவது மானம் பிழைத்தது. ஆனால் இழைத்தது அக்டோபரில், ஒட்டியது டிசம்பரில். இரண்டு மாத ஈரமும் தூசியும் ஏறிய பரப்பு. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு ஒழுங்காகச் சோதித்துவிட்டேன். கோவைக்குப் போன நண்பரிடம் சொல்லி, சீல் வைத்த டப்பாவில், தயாரிப்புத் தேதி அச்சடித்த பொடி வாங்கினேன். மூன்று மாதம் பழையது. சில்வர் ஓக் பட்டைகளில் சாண் நீளத் துண்டுகள் வெட்டி, அன்று காலையிலேயே இழைத்து, ஜோடி ஜோடியாக ஒட்டினேன். சூட்டுக்கு ஒரு பிளைவுட் பெட்டிக்குள் இரண்டு 60 வாட் குண்டு பல்பு. உள்ளே 27, 28 டிகிரி நின்றது. எல்லாமே 24 மணி நேரம் கிளாம்பில். அப்புறம் ஒட்டு வரியில் உளியை வைத்து ஒரே அடி.

பழைய பொடி, சரியான எடை, ஷெட் குளிர்: அடிக்கவே வேண்டாம், கையால் திருகினதும் பிரிந்தது. வெள்ளை மாவு.

பழைய பொடி, சரியான எடை, பல்புப் பெட்டி: இதில்தான் எனக்கு ஆச்சரியம். பாதிப் பரப்பில் மரம் நாரோடு கிழிந்து வந்தது, மீதிப் பாதியில் வழவழவென்று பசைத்தோல், அதில் ரவை ரவையாகத் துகள்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு துகளைச் சுற்றியும் ஒரு குட்டி வளையம், அந்த இடத்தில் இரண்டு பலகையும் தொட்டுக்கொள்ளவே இல்லை. ஒரு துகள் தூக்கிப் பிடித்தால் அதைச் சுற்றி அரை செ.மீ. அளவுக்கு இடைவெளி விழுகிறது. லெஸ்டர் தம்பி சொன்ன விமானக் கதை என் கட்டையிலேயே நடந்திருக்கிறது.

புதுப் பொடி, சரியான எடை, ஷெட் குளிர்: 24 மணி நேரம் கழித்தும் வழிந்து நின்ற பசையில் நகம் பதிந்தது. அதைப் பிரிக்காமல் இன்னொரு நாள் பெட்டிக்குள் வைத்தேன். இறுகிவிட்டது, முக்கால்வாசி மரம் கிழிந்தது. பரவாயில்லை ரகம். அம்மாவுக்குக் கீழே வைக்க மாட்டேன்.

புதுப் பொடி, டம்ளர் அளவு, பல்புப் பெட்டி: மோர் மாதிரி இருந்தது. கிளாம்பை முறுக்கியதும் பாதி வெளியே ஓடிவிட்டது. பிரித்தால் அங்கங்கே மட்டும் பிடிப்பு.

புதுப் பொடி, சரியான எடை, பல்புப் பெட்டி: ஒட்டு வரி திறக்கவே இல்லை. உளி மரத்துக்குள் வழி மாறிப் போய்ப் பட்டை வேறு இடத்தில் பிளந்தது.

ஆக ஒரே ஒரு குற்றவாளியைத் தேடிக்கொண்டிருந்தேன், ஒரு கும்பலே இருந்திருக்கிறது. ஆகஸ்டில் தராசு இருந்தது, பொடி அவ்வளவு முற்றவில்லை, ஷெட்டும் இதமாக இருந்தது. ஒன்று தப்பினாலும் மற்றவை தாங்கியிருக்கும். டிசம்பரில் எல்லாமே கைகோத்துக்கொண்டன.

ஒன்று மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தேதி இல்லாமல் பொட்டலம் கட்டி விற்பது அநியாயம். என் டம்ளருக்கும் குளிருக்கும் நான் பொறுப்பு. ஆனால் அந்த மூட்டை கடையில் எத்தனை மாதம் வாய் திறந்து கிடந்தது என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? பால் பாக்கெட்டில்கூடத் தேதி இருக்கிறது.

இடது கட்டை விஷயம்: ஆகஸ்டில் ஒட்டியபோது இரண்டு முனையிலும் நீளமாக விட்டு, அப்புறம் அறுத்த துண்டுகள் விறகுக் கூடையில் கிடந்தன. நல்லவேளை, யாரும் எரிக்கவில்லை. இரண்டையும் உளியால் அடித்துப் பார்த்தேன். பதினான்கு ஒட்டு வரியிலும் மரம்தான் கிழிந்தது.

ஐயாவிடம் ஒரு கேள்வி. பிரிந்த பட்டைகளை மறுபடி பயன்படுத்தலாமா? அதே அளவில் வேறு பட்டை அறுக்க மரம் மிச்சம் இல்லை.

---

பெரும்பாவூர் பழைய கை:

பயன்படுத்தலாம், ஆனால் பழைய பசையைச் சுரண்டினால் மட்டும் போதாது. பாதி இறுகிய பிசின் மரத்துளைக்குள் போய் அடைத்திருக்கும், புதுப் பசையை உள்ளே விடாது. நிறம் மாறாத புது மரம் தெரியும் வரை இழைத்துவிடுங்கள். இழைத்த அன்றே ஒட்டுங்கள். தண்ணீரை மொத்தமாக ஊற்றாதீர்கள், பாதியை ஊற்றிச் சப்பாத்தி மாவுக்கு முந்தின பதத்தில் கட்டி இல்லாமல் குழைத்துவிட்டு, மீதியை விட்டு இளக்குங்கள். பத்து நிமிடம் சும்மா வைத்துவிட்டு மறுபடி கலக்குங்கள். உங்கள் ஊரில் அவசரமே இல்லை. கோவையில் ஏப்ரல் மாதம் இதே பசை ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் கப்பிலேயே கெட்டியாகிவிடும்.

இரண்டு பக்கமும் தடவுங்கள். கிளாம்பை ஒரே நாளில் கழற்றாதீர்கள், பெட்டிக்குள் இரண்டு நாள் இருக்கட்டும். நாற்காலியை வீட்டுக்குள் போடுங்கள். வெளி வராந்தாவில் பனியிலும் வெயிலிலும் வருடக்கணக்கில் கிடந்தால் யூரியா பசை மெதுவாக விட்டுக்கொடுக்கும். பிளைவுட்டிலேயே இதனால்தான் யூரியா பசை போட்டதை ஐ.எஸ். (இந்தியத் தர எண்) 303 எம்.ஆர்., அதாவது ஓரளவு ஈரம் தாங்கும் வகை, என்று உள்வேலைக்கும், ஃபீனால் பசை போட்ட ஐ.எஸ். 710 ஐ ஈரம் படும் இடத்துக்கும் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

---

வேம்பனூர் ஆசாரி மகன்:

அண்ணே, அப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். வச்சிரமும் இப்படித்தான் என்கிறார். மழையில் நமத்த வச்சிரத்தை முகர்ந்து பார்த்தே தூக்கி எறிவாராம், மார்கழியில் மரத்தை நெருப்பில் காட்டிச் சூடு பண்ணிவிட்டுத்தான் ஒட்டுவாராம். எனக்கு அதெல்லாம் சொல்லித்தரவே இல்லை. ஃபெவிகால் வந்ததும் மறந்துவிட்டார் போல.

---

குன்னூர் இழைப்புளி:

நேற்று கிளாம்பைக் கழற்றினேன். நிமிரவில்லை. முனையிலிருந்து அறுத்த துண்டையும் உளியால் அடித்தாகிவிட்டது, மரம்தான் கிழிந்தது.

ஒரே ஒரு சங்கடம். புது மரம் தெரியும் வரை இழைத்ததில் 4 மி.மீ. பட்டைகள் 3.5 ஆகிவிட்டன. தடிமனைச் சரிக்கட்ட இன்னொரு பட்டையைத் தேடிப்பிடித்து ஒன்பது அடுக்காகப் போட்டேன். இடது பக்கம் எட்டு, வலது பக்கம் ஒன்பது. பாலிஷ் போட்டால் தெரியாது என்கிறாள் மனைவி. அம்மா எண்ணிப் பார்ப்பார்.